கொல்லையிலிருந்து தொடங்குவோம்!

தமிழ் காக்கும் பணியில் தோள் கொடுத்து நிற்பாரின் இல்லங்களுக்குச் செல்லும் வாய்ப்பு எமக்கு அவ்வப்போது கிட்டுகின்றது. வாயிலில் தூய தமிழில் எழுதிய பெயர்ப்பலகை நம்மை வரவேற்கும். உள்ளே பிள்ளைகளைத் தமிழ்ப்பெயர் சொல்லி அழைக்கும் ஒலி செவிக்கு இனிக்கும். பேழையில் பாவாணரின் நூல்கள் நிரல்பட நிற்கும். உணவு வேளையில் கத்தரிக்காய்க் கூட்டும் முருங்கைக்கீரைத் துவட்டலும் இலைக்கு வரும். ‘இக்கத்தரி எங்கே விளைந்தது? இதன் விதை எவருடையது? இதன்மேல் தெளிக்கப்பட்டது யாது?’ என்று கேட்டால் மட்டும் அவ்வீட்டில் ஒருவரிடமும் விடை இராது. ‘கடையில் வாங்கினோம்’ என்பதே விடையாக வரும்.

அண்மையில் அத்தகையதோர் இல்லத்தின் பின்கதவைத் திறந்து பார்த்தோம். தந்தையார் காலத்தில் முருங்கையும் வாழையும் அவரைப் பந்தலும் நின்ற இடம் பைஞ்சுதையால் மெழுகப்பட்டுப் பாளம் பாளமாக வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. அவ்வீட்டுச் சிறுவனிடம் ‘கொத்தவரை செடியா, கொடியா?’ என்று கேட்டோம். பாட்டில் வரும் சொற்களுக்கெல்லாம் பொருள் சொல்லத் தெரிந்த அப்பிள்ளை, கேட்ட வினாவைப் புரிந்துகொள்ளாமலே நம்மை நோக்கி நின்றான். அவன்மேல் பிழையில்லை. அவனுக்குச் சொல்லைக் கொடுத்தோம். பொருளைக் கொடுக்க மறந்தோம்.

இத்திங்கள் ஆசிரியவுரையைக் கொல்லைக்கே ஒதுக்குகின்றோம். ‘காய்கறிச் செடி வளர்ப்பதற்கும் நம் கொள்கைக்கும் என்ன தொடர்பு?’ என்று எவரேனும் புருவம் உயர்த்தக்கூடும். தன் இலையில் விழும் கீரைக்கும் பிறர் கையை நோக்கி நிற்கும் இனம், தன்னுரிமை பற்றி எத்துணை முழக்கமிட்டாலும் அம்முழக்கத்தின் அடி ஈரமற்றதாகவே இருக்கும் என்பது எம் விடை.

ஒரு சந்தை மூடப்பட்டபோது

2020-ஆம் ஆண்டின் கொரோனாப் பெருந்தொற்றை நாம் எளிதில் மறந்துவிட்டோம். ஊரடங்கு அறிவிக்கப்பட்ட நாள்களில் மக்கள் முதலில் ஓடிய இடம் காய்கறிக் கடை. சென்னைப் பெருநகரின் பசியையெல்லாம் தன் தோளில் சுமந்திருந்த கோயம்பேட்டுச் சந்தை, நோய் பரவும் களமாகி, அவ்வாண்டு மே திங்களில் மூடப்பட்டது. ஒரே ஒரு சந்தையின் கதவு அடைபட்டதும் அத்துணைப் பெரிய நகரம் தக்காளிக்கும் வெங்காயத்திற்கும் திண்டாடிற்று. அந்நாள்களிலும் தம் கொல்லையில் முருங்கை மரமொன்று வைத்திருந்தவர் கலங்கவில்லை. நான்கு தொட்டியில் கீரை வைத்திருந்தவர் அண்டை வீட்டுக்கும் ஒரு பிடி கொடுத்தார். கொல்லையில் நிற்கும் ஒரு மரம் எத்துணைப் பெரிய பாதுகாப்பு என்பதை நமக்கு அத்தொற்று கற்பித்தது. கற்றதை நாம் கைவிட்டோம்.

பிற நாடுகளும் இப்பாடத்தைப் படித்துள்ளன. இரண்டாம் உலகப்போர் தொடங்கிய 1939-இலேயே பிரித்தானிய அரசு தன் மக்களை மண்வெட்டி ஏந்தச் சொல்லிற்று. பூங்காக்கள் பாத்திகளாயின, இலண்டன் கோட்டையின் அகழியில்கூடக் காய்கறி விளைந்தது. சோவியத்து ஒன்றியம் 1991-இல் உடைந்தபின் எரிநெய்யும் உரமும் வந்துசேராமல் கியூபா தவித்தபோது, அவானா நகரத்து மக்கள் வெற்று மனைகளையெல்லாம் தோட்டங்களாக்கித் தம் வயிற்றைக் காத்துக்கொண்டனர்.

நம் உறவின் நிலமாகிய ஈழத்தை எண்ணிப் பாருங்கள். 1970 முதல் 1977 வரை இலங்கையில் மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலத்தில், யாழ்ப்பாணத்து உழவர் கிணற்று நீரை இறைத்துச் செம்மண்ணில் அவற்றை விளைவித்துத் தலைநிமிர்ந்து வாழ்ந்தனர். 1977-க்குப் பின் இறக்குமதிக் கதவு அகலத் திறக்கப்பட்டபோது அவர்தம் விளைச்சல் விலையின்றி வாடிற்று. 2021 ஏப்பிரலில் அந்நாட்டரசு செயற்கையுர இறக்குமதியை ஒரேயடியாகத் தடை செய்து, விளைச்சல் வீழ்ந்தபின் அவ்வாண்டு நவம்பரில் அத்தடையைக் கைவிட்டது. 2022-இல் பொருளியல் சரிந்து உணவுத் தட்டுப்பாடு கதவைத் தட்டியபோது, அரசு ஊழியர்க்கு வெள்ளிக்கிழமைதோறும் விடுப்பளித்து, ‘வீட்டில் பயிர் செய்யுங்கள்’ என்றது. பசி வந்தபின் விதைப்பவனுக்குக் கீரைகூட மூன்று கிழமை கழித்தே கிடைக்கும். மண்ணையும் ஓரிரவில் திருத்தவியலாது. பழகிய கையும் பண்பட்ட மண்ணும் முன்னரே அணியமாக இருத்தல் வேண்டும்.

நஞ்சும் வேம்பும்

சந்தையில் பளபளக்கும் கத்தரிக்காயைக் கண்டு மயங்குகின்றோம். புழுவின் பல் படாத காய் எவ்வாறு வந்தது என்று எண்ணுவதில்லை. மோனோகுரோட்டோபாசு என்னும் கொடிய நஞ்சைக் காய்கறிப் பயிர்களில் தெளிக்கக் கூடாதென்று நடுவணரசே விலக்கியது. விலக்கப்பட்டது வயலுக்கு வராதென்பதற்கு உறுதி தருவார் யார்? உழவரைக் குறை கூறுவது எம் நோக்கமன்று. கடனில் மூழ்கி, ஒரு புழுத் துளைக்கும் விலையைக் குறைக்கும் இடைத்தரகர் முன் நிற்கும் அவர், அஞ்சித் தெளிக்கின்றார். புழுத் துளையைக் கண்டு முகஞ்சுளிக்கும் நாமும் அந்நஞ்சுக்குப் பங்காளிகளே.

நம் பாட்டியர் கையில் வேம்பு இருந்தது. அதன் கொட்டையும் எண்ணெயும் பிண்ணாக்கும் பயிர்காக்கும் என்பது நம் உழவர்க்கு வழிவழி வந்த அறிவு. வேப்பெண்ணெயைக் கொண்டு பயிரின் பூஞ்சை நோயைத் தடுக்கும் முறைக்கு 1994-இல் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் காப்புரிமை வழங்கியதை நம்மில் எத்துணைப் பேர் அறிவோம்? அஃது எதிர்க்கப்பட்டு, 2000-இல் நீக்கப்பட்டு, மேல்முறையீடும் 2005-இல் தள்ளப்பட்டது. நம் வாயிலில் நிற்கும் மரத்தின் பயனை நாம் மறந்தால், அதனை எங்கோ இருக்கும் ஒருவர் தம் பெயரில் எழுதிக்கொள்வார் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

விதை யார் கையில்?

இவையனைத்திற்கும் அடியில் விதை இருக்கின்றது. கடையில் விற்கும் வண்ண உறைக்குள் இருப்பவை பெரும்பாலும் கலப்பின விதைகள். அவை முதல் முறை நன்றாகவே காய்க்கும், மறுக்கவில்லை. ஆனால் அக்காயிலிருந்து விதையெடுத்து மறுபடி விதைத்தால், பிள்ளைகள் தாயைப் போல் இரா. ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, ஒன்று காய்ப்பது, ஒன்று காய்க்காதது என்று சிதறிப்போகும். ஆகவே ஆண்டுதோறும் கடைக்காரனிடமே கையேந்த வேண்டும். நாட்டு விதையோ ஒருமுறை வீட்டுக்குள் வந்துவிட்டால், பேணுவார் இருக்கும்வரை வீட்டை விட்டுப் போகாது.

கத்தரி நம் மண்ணுக்கு நெடுநாள் உறவு. ஊருக்கு ஊர் வேறு வடிவம், வேறு நிறம், வேறு சுவை. அக்கத்தரிக்குள் மரபணு மாற்றம் செய்து விற்க 2009-இல் ஒப்புதல் அளிக்கும் நிலை வந்தது. நாடெங்கும் எழுந்த எதிர்ப்பால் 2010 பிப்பிரவரியில் நடுவண் அமைச்சர் அதனை நிறுத்தி வைத்தார். நாம் அன்று முழங்கினோம். ஆனால் முழங்கியவருள் எத்துணைப் பேர் தம் கொல்லையில் ஒரு நாட்டுக்கத்தரியை நட்டனர்? வேலூர் முள்ளுக்கத்தரியும் இராமநாதபுரம் முண்டு மிளகாயும் 2023-இல் புவிசார் குறியீடு பெற்றன. பெருமைதான். எனினும் குறியீட்டுச் சான்றிதழை மண்ணில் புதைத்தால் முளைக்காது. விதையைப் புதைத்தால்தான் முளைக்கும்.

உழவர், தாம் விளைவித்த விதையைச் சேர்த்து வைக்கவும், விதைக்கவும், பிறரோடு மாற்றிக்கொள்ளவும், வணிகப் பெயர் இடாமல் விற்கவும் 2001-ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை தந்துள்ளது. உரிமை ஏட்டில் இருக்கின்றது. அதனைக் கையாளுதற்கு வீட்டில் விதை இருத்தல் வேண்டும்.

பொருள் போனால் சொல்லும் போகும்

காயின் இளமைக்குத் தமிழர் இட்ட பெயர்களைப் பாருங்கள். கத்தரிக்குப் பிஞ்சு, மாவுக்கு வடு, பலாவுக்கு மூசு, தென்னைக்குக் குரும்பை, வாழைக்குக் கச்சல். நிலைத்திணை உறுப்புகளுக்குத் தமிழில் உள்ள இத்தகு நுண்ணிய சொற்களைத் தொகுத்துக் காட்டி, இவ்வினத்தின் நுண்மாண் நுழைபுலத்தை உலகறியச் செய்தார் மொழிஞாயிறு பாவாணர் (1902–1981). அச்சொற்களை உண்டாக்கியவர் புலவர் அல்லர். நாள்தோறும் செடியண்டை குனிந்து நின்ற உழவரும் உழத்தியருமே ஆவர். கடையில் பழுத்ததை மட்டுமே பார்க்கும் கண்ணுக்குப் பிஞ்சென்ன, வடுவென்ன? அகரமுதலியில் மட்டும் வாழும் சொல், கண்ணாடிப் பேழைக்குள் வைத்த பறவை போன்றது.

இன்னொன்றும் எண்ணத்தக்கது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்தது. வந்த பொருளை அதன் அயற்பெயரோடு அப்படியே ஏற்றுக்கொண்டார்களா நம் முன்னோர்? காரத்தில் மிளகை ஒத்த காயாதலின் ‘மிளகாய்’ என்றனர். அப்பொருளை மண்ணில் நட்டு, உலையில் இட்டு, நாவில் சுவைத்துப் பெயரிட்டனர். பொருளைக் கையாள்பவனுக்குச் சொல் தானே பிறக்கும். இன்று ஐம்பொருள் கரைசலைப் ‘பஞ்சகவ்வியம்’ என்று விற்கின்றனர். ‘ஆனைந்து’ என்னும் நம் பழஞ்சொல் தேவாரத்திலேயே உள்ளது. தோட்டத்தில் நிற்பவர் தமிழரல்லராய்ப் போனால் தோட்டத்தின் சொல்லும் தமிழாய் இராது.

எம் தோல்வியும் ஓர் ஆத்தாளின் அறிவும்

அறிவுரை கூறுமுன் எம் பிழையைச் சொல்லிவிடுகின்றோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் எழுச்சியில், பத்து வகை விதையும் இருபது பைகளும் வாங்கிவந்து மாடியில் அடுக்கினோம். அது பங்குனித் திங்கள். விதைகளை ஆழப் புதைத்தோம். காலையும் மாலையும் நீரைக் கொட்டினோம். பாதி அழுகிற்று. முளைத்த தக்காளி பூத்தது. பூத்த பூவெல்லாம் கோடை வெப்பில் உதிர்ந்தது. பசுஞ்சாணத்தைக் காயவிடாமல் அப்படியே இட்டதால் கத்தரி வேர் கருகிற்று. இரண்டு திங்களில் இருபது பைகளும் வெறும் மண்மூட்டைகளாயின. ‘எழுதுவதோடு நின்றிருக்கலாம்’ என்று வீட்டார் நகைத்தனர்.

அடுத்த வீட்டு ஆத்தா, வயது எண்பதைக் கடந்தவர், மதிலுக்கு அப்பாலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஒருநாள் அழைத்தார்.

“தம்பி, பங்குனியில் தக்காளி வைத்தால் பூ நிற்குமா? ஆடிக்குப் பொறு. முதலில் கீரை விதை. கீரை வராத கைக்குக் கத்தரி வராது.”

“விதை எங்கே வாங்கலாம் ஆத்தா?”

“வாங்குவதா? இந்தா.”

சாம்பல் படிந்த பழந்துணி முடிச்சொன்றை நீட்டினார். உள்ளே முப்பது அவரை விதைகள். அவருடைய தாய்வீட்டிலிருந்து, மணமாகி வந்தபோது கொண்டுவந்த அவரையாம். விலை கேட்டோம். முகம் சுருங்கிற்று. “விதைக்குக் காசு வாங்கினால் கொடி காய்க்காது. விளைந்தபின் இரண்டு பங்காகத் திருப்பிக் கொடு; இன்னொருவருக்கும் கொடு” என்றார்.

அவ்வாண்டு ஆடியில் விதைத்தோம். கார்த்திகைப் பனியில் பந்தல் முழுதும் ஊதாப் பூவாய் நின்றது. விதை முற்றிக் காய்ந்ததும் இரண்டு பங்காக எடுத்துக்கொண்டு சென்றோம். வாங்குதற்கு ஆத்தா இல்லை. முந்திய கிழமை மறைந்துவிட்டார். அவர் மக்கள் நகரத்தில் வாழ்கின்றனர், வீடு பூட்டிக்கிடக்கின்றது, பந்தல் சரிந்துவிட்டது. எமக்குத் தெரிந்தவரையில் அத்தெருவில் அவ்வவரை இன்று எம் பந்தலில் மட்டுமே நிற்கின்றது. நாம் பங்குனியிலேயே சோர்ந்து விட்டிருந்தால், ஒரு பெண்மணி அறுபது ஆண்டுக்கு மேல் பேணிய விதை அவரோடே போயிருக்கும். இவ்வாறு எத்துணை ஊரில், எத்துணைப் பானைக்குள், எத்துணை விதை கேட்பாரற்று மட்கிப்போயிற்றோ!

எவ்வாறு தொடங்குவது?

தொடங்க விரும்பும் அன்பர்க்குப் பட்டறிந்தவற்றைச் சுருங்கச் சொல்கின்றோம்.

முதலில் இடம். நாளொன்றுக்கு ஆறு மணிநேரமேனும் வெயில் விழும் இடத்தைத் தேர்க. நிழலில் கீரை ஓரளவு வரும், காய் வராது. மண் இருப்போர் பத்தடி நீளமும் நான்கடி அகலமும் கொண்ட ஒரே ஒரு மேட்டுப்பாத்தியோடு தொடங்குக. அகலம் நான்கடிக்கு மேற்பட்டால் இருபுறமிருந்தும் கை எட்டாது; பாத்திக்குள் கால் வைத்தால் மண் இறுகும். ஓரடி ஆழம் கொத்திப் புழுதியாக்கிச் சில நாள் வெயிலில் ஆறவிடுக. நன்கு உழுது காயவிட்ட மண்ணின் வலிவையும், நீர்விடுதலினும் பயிரைக் காத்தல் நன்று என்பதையும், நாள்தோறும் சென்று பாராதவனிடம் நிலம் மனைவிபோல் ஊடும் என்பதையும் திருவள்ளுவர் ‘உழவு’ அதிகாரத்தில் சொல்லி வைத்துள்ளார். முப்பெரும் பாடமும் தொட்டிச் செடிக்கும் பொருந்தும்.

மண்ணில்லார் மாடியை நாடுக. உடைந்த குடம், பழைய வாளி, அரிசிச் சாக்கு யாவும் ஏனங்களே; அடியில் துளை மட்டும் கட்டாயம். இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மக்கிய எரு, ஒரு பங்கு தென்னைநார்க் கழிவு என்று கலந்து, கையளவு வேப்பம்பிண்ணாக்கையும் சேர்க்க. நீர் ஊறிய பை கனக்கும். ஆகலின் தளத்தின் நடுவில் குவிக்காமல் சுவரை ஒட்டி அடுக்குக. அரசின் தோட்டக்கலைத் துறை, விதையும் பையும் அடங்கிய ‘மாடித் தோட்டத் தளை’களைக் குறைந்த விலைக்கு வழங்கியதுண்டு. தளை என்னும் சொல்லுக்கு விலங்கு என்றும் பொருள். கிடைத்தால் பெறுக, அதற்கெனக் காத்திருந்து அத்தளையில் மாட்டிக்கொள்ளற்க.

அடுத்தது எரு. சமையலறைக் கழிவைத் தெருவில் கொட்டாதீர்கள். ஒரு குழியிலோ தொட்டியிலோ காய்த்தோலும் உலர்சருகும் மாற்றி மாற்றி அடுக்கி, ஈரம் காயாமல் வைத்தால் மூன்று திங்கள் அளவில் மண்மணம் கமழும் கருநிற எரு கிட்டும். சாணத்தை நன்கு மக்கியபின்னரே இடுக. செடியின் அடியில் சருகால் மூடாக்கு இட்டால் பாதி நீர் வேலை குறையும். மண்புழு தானே வரும்.

மூன்றாவது பருவம். ஆடிப்பட்டமும் தைப்பட்டமும் நம் முன்னோர் மழையையும் வெயிலையும் அளந்து வகுத்தவை. தென்மேற்குக் காற்றின் ஈரத்தில் ஆடியில் நட்ட செடி, ஐப்பசி மழைக்குள் வேரூன்றிவிடும். ஆடிப்பெருக்கை ஒட்டியும் அம்மன் விழாக்களிலும் பெண்டிர் வளர்க்கும் முளைப்பாரி, எவர் வீட்டு விதை செழித்து முளைக்கின்றது என்பதை ஊர் முழுதும் காணச் செய்வதுமாகும்.

நான்காவது பயிர். ஆத்தா சொன்ன நிரலே சிறந்த நிரல். முளைக்கீரையும் சிறுகீரையும் மூன்று, நான்கு கிழமைக்குள் இலைக்கு வரும். அரைக்கீரையை அறுக்க அறுக்கத் தழையும். விதை மிகச் சிறியதாகலின் மணலோடு கலந்து தூவி, பூவாளியால் மெல்ல நீர் தெளிக்க. எறும்பு விதையை இழுக்கும். பாத்தியைச் சுற்றிச் சாம்பல் இடுக. கீரையில் கை தேறியபின் வெண்டையும் கொத்தவரையும். இவற்றை நேரே ஊன்றலாம். நாற்பத்தைந்து நாள் அளவில் முதற்காய். வெண்டையை இரண்டு நாளுக்கொருமுறை பறிக்காவிடில் முற்றிவிடும். அதன்பின் கத்தரி, தக்காளி, மிளகாய். இவை நாற்றுவிட்டு நடவேண்டியவை; தக்காளிக்கு இருபத்தைந்து நாள் நாற்று, கத்தரிக்கு முப்பது முதல் முப்பத்தைந்து, மிளகாய்க்கு நாற்பது. மாலையில் பிடுங்கி மாலையிலேயே நடுக. பின்னர்ப் பந்தற்கொடிகள். பாகல், புடலை, பீர்க்கு, சுரை ஆகியவற்றில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. பெண்பூவின் அடியில் சிறு பிஞ்சு தெரியும். பூத்தும் காய்க்கவில்லையெனில் தேனீ வரவில்லை என்று பொருள். ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவில் மெல்லத் தடவுக. பூசணிக்கு இதைக் காலையிலும், அந்தியில் மலரும் சுரைக்கு மாலையிலும் செய்க.

ஐந்தாவது காப்பு. அசுவுணியோ மாவுப்பூச்சியோ கண்டால் முதலில் நீரைப் பீய்ச்சிக் கழுவுக. அடங்காவிடில் ஒரு லிட்டர் நீருக்கு ஐந்து மில்லி லிட்டர் வேப்பெண்ணெயும் சிறிது வழலைக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்க. வெண்டை இலையின் நரம்பு மஞ்சளித்தால் அது வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி நோய். இரங்காமல் அச்செடியைப் பிடுங்கியெறிக. இரண்டு காயைப் புழு தின்றால் தின்னட்டும். அது நஞ்சில்லாக் காய் என்பதற்கு அப்புழுவே சான்று.

ஆறாவதும் தலையாயதும் விதை. ஒவ்வொரு பயிரிலும் நோயற்ற, செழித்த செடியொன்றைப் பறிக்காமல் முற்றவிடுக. அவரை, கொத்தவரை, தக்காளி ஆகியவை பெரிதும் தன் மகரந்தத்தாலேயே கருவுறுவன. ஆகலின் தொடங்குவோர் இவற்றின் விதையெடுத்தல் எளிது. தக்காளிச் சாற்றை ஓரிரு நாள் புளிக்க வைத்துக் கழுவி நிழலில் உலர்த்துக. பாகல், பூசணி விதைகளைச் சாணத்தில் பதித்துச் சுவரில் அறைந்து வைத்தனர் நம் பாட்டியர், அவ்வறிவைக் கைவிடற்க. உலர்ந்த விதையைச் சாம்பலோடு கலந்து, பெயரும் ஊரும் திங்களும் தமிழில் எழுதிப் பேணுக.

சில தடைமொழிகள்

‘நேரமில்லை’ என்பார் சிலர். காலையில் செய்தித்தாள் படிக்கும் நேரத்தில் பாதி போதும். ‘கடையில் இதனினும் மலிவாகக் கிடைக்கின்றதே’ என்பார் வேறு சிலர். முதலாண்டுக் கணக்கு அவ்வாறுதான் இருக்கும், மறைக்கமாட்டோம். பத்துத் தொட்டியால் ஒரு குடும்பத்தின் முழுத்தேவையும் நிறைவேறாது என்பதும் உண்மையே. ஒருவர் நாளொன்றுக்குக் காயும் கனியுமாக 400 கிராமேனும் உண்ணல் வேண்டுமென்று உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகின்றது. அதில் கீரையும் கறிவேப்பிலையும் பச்சைமிளகாயும் முருங்கையும் நம் கையால் விளையட்டும். எஞ்சியதை நஞ்சைக் குறைத்து விளைவிக்கும் அண்மை ஊர் உழவரிடம் நேரே வாங்குவோம். தான் ஒரு வெண்டையை வளர்த்துப் பார்த்தவன், உழவரிடம் கால்காசுக்குப் பேரம் பேசமாட்டான். இதுவே பெரும் ஈட்டம்.

இயற்கை உழவாண்மையை ஊரூராக நடந்து பரப்பிய கோ. நம்மாழ்வார், 1969-இல் அரசுப் பணியை உதறி வெளியேறி, 2013-இல் தாம் மறையும்வரை இவ்வறிவைப் பகிர்ந்துகொண்டே இருந்தார். அவருக்கு நாம் செய்யும் நினைவுவிழா மேடையில் அன்று, பாத்தியில் நடத்தல் வேண்டும்.

ஆகவே அன்பர்களே, வரும் ஆடிக்குள் ஒவ்வோர் இல்லத்திலும் ஒரு பாத்தி, இயலாவிடில் ஐந்து தொட்டி. அவற்றுள் ஒன்றேனும் உங்கள் ஊருக்கே உரிய நாட்டு விதையாக இருக்கட்டும். உங்கள் தெருவில் முதியவள் ஒருத்தி துணி முடிச்சில் எதையேனும் வைத்திருப்பாள்; அவள் இருக்கும்போதே சென்று கேளுங்கள். பிள்ளையின் கையில் விதையைக் கொடுத்து, முளை, தளிர், அரும்பு, பிஞ்சு என்று ஒவ்வொன்றும் தோன்றும் நாளில் அதன் பெயரைச் சொல்லிக் கொடுங்கள். அச்சொல் அவனை விட்டு என்றும் நீங்காது. கிளைதோறும் கூடும் கூட்டங்களுக்கு வெறுங்கையோடு வராமல் ஒரு பிடி விதையோடு வாருங்கள், கொடுத்து மாற்றிக்கொள்வோம்.

எம் பந்தலில் இவ்வாண்டும் அவரை முற்றிக்கொண்டிருக்கின்றது. கேட்டு வருவார்க்குப் பத்து விதை தருவோம். விலையில்லை. விளைந்தபின் இரண்டு பங்காகத் திருப்பித் தருக, இன்னொருவருக்கும் தருக. அதுவே அந்த ஆத்தாவுக்கு நாம் இறுக்க வேண்டிய கடன்.

மொழியை நாவில் காப்போம்; விதையை மண்ணில் காப்போம்!